பொறியின் முகமும் கையும்

நுழையும்முன்

மனிதனைப்போல் நடக்கும், பேசும், சிரிக்கும் பொறி ஒன்றைப் படைத்துவிட வேண்டும் என்னும் ஆவல் பல நாட்டு மக்களிடமும் தொன்றுதொட்டு இருந்து வந்துள்ளது. அவ்வாவலைச் செயலாக்குவதில் முன்னின்ற நாடு ஜப்பான். எனினும், மனித முகம் கொண்ட பொறிகள் பெற்ற புகழும், மனிதருக்கு உண்மையில் கைகொடுத்த பொறிகள் ஆற்றிய பணியும் ஒன்றாக இருந்ததில்லை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை ஜப்பானின் வரலாற்றிலும் தமிழகத்தின் தேவைகளிலும் வைத்துப் பார்க்கிறது இப்பாடம்.

வயலில் இறங்கிய விரல்கள்

தென்காசிக்கு அருகே, மேற்குத்தொடர்ச்சி மலை கண்ணுக்கெட்டும் தொலைவில் நிற்கும் சமவெளியில் அமைந்த பேரூர் சுந்தரபாண்டியபுரம். குற்றாலத்தில் சாரல் விழும் பருவத்தில் இங்கு ஒருபுறம் நெல்வயல்கள் பசுமை கொள்ளும். மறுபுறம் சூரியகாந்தித் தோட்டங்கள் மஞ்சள் விரிக்கும். 1992ஆம் ஆண்டு வெளிவந்த 'ரோஜா' திரைப்படத்தின் வழியாக இவ்வூரின் அழகைத் தமிழகத்துக்கு வெளியிலுள்ளோரும் கண்டனர். திரையில் அழகாகத் தெரியும் நெல்வயல் எதுவாயினும், அதன் பின்னால் குனிந்த முதுகுகளின் உழைப்பு மறைந்திருக்கிறது. நாற்றைப் பறித்து, முடி கட்டி, கணுக்கால் புதையும் சேற்றில் இறங்கி, பகல் முழுவதும் குனிந்தபடியே பின்னோக்கி நகர்ந்து நட வேண்டும். நடவுப் பாடல்கள் அந்த உழைப்பின் களைப்பை மறக்கப் பிறந்தவை.

கார், பிசானம் என்று பருவம் வகுத்துப் பயிர்செய்யும் இவ்வட்டாரம் உட்படத் தமிழகத்தின் நெல் விளையும் பகுதிகளில் வேளாண்மைத் துறை நடவு இயந்திரத்தைப் பரப்பி வருகிறது. பாய் நாற்றங்காலில் வளர்ந்த நாற்றைப் பாயைப்போலச் சுருட்டி எடுத்து இயந்திரத்தின் தட்டில் விரித்துவிட்டால், அதன் உலோக விரல்கள் இரண்டு மூன்று நாற்றுகளைக் கிள்ளி எடுத்து, சேற்றில் ஊன்றி, விடுத்து, மீண்டும் மேலெழுகின்றன. நடவு செய்யும் பெண்ணின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் செய்யும் அசைவு அப்படியே இரும்பில் வார்க்கப்பட்டுள்ளது. இவ்வியந்திரத்தைப் பரவலான பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த நாடு ஜப்பான். 1960களில் சிற்றூர் இளைஞர்கள் தொழிற்சாலைகளை நாடி நகரங்களுக்குச் செல்ல, வயலில் ஆளில்லாத நிலை அங்கு ஏற்பட்டது. அந்நிலைக்கு விடையாக உருவான நடவு இயந்திரத்தைக் குபோட்டா, யான்மர் போன்ற நிறுவனங்கள் இன்று உலகெங்கும் விற்கின்றன.

இயந்திர மனிதன் என்ற சொல்லைக் கேட்டவுடன் இந்த நடவு இயந்திரம் எவர் நினைவுக்கும் வருவதில்லை. இதற்குக் கண் இல்லை, குரல் இல்லை, தலையும் இல்லை. ஆயினும், வேலையின் எந்தப் பகுதி மனித உடலை வருத்துகிறது என்பதைக் கண்டறிந்து, அந்தப் பகுதியை மட்டும் பொறியிடம் ஒப்படைத்த நுட்பம் இதில் உண்டு. நடவுப் பெண்களின் முதுகுவலியோடு அவர்தம் நாட்கூலியில் ஒரு பங்கையும் இப்பொறி எடுத்துக்கொண்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மரத்தால் ஆன கனவுகள்

தமிழ் இலக்கியத்துக்குப் பொறிகள் புதியன அல்ல. கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையில், யானைகளை யாழிசையால் வயப்படுத்தும் உதயணனைப் பிடிப்பதற்காகப் பகைவேந்தன் ஓர் எந்திர யானையைக் காட்டில் உலவ விடுகிறான். அதன் உள்ளே வீரர்கள் ஒளிந்திருக்கின்றனர். சீவக சிந்தாமணியில் சச்சந்தன் தன் தேவி விசயையைக் காப்பாற்ற மயிற்பொறியில் ஏற்றி வானில் அனுப்புகிறான். சங்கப் புலவர்கள் பாடிய கொல்லிப்பாவை, காண்போரை மயக்கும் அழகுடைய பாவை. தானே இயங்கும் என்றும் சிரித்தே கொல்லும் என்றும் மக்கள் நம்பினர். ஒன்று சிறைப்பிடிக்க, ஒன்று தப்புவிக்க, ஒன்று அஞ்சச் செய்ய எனப் பொறியைப் பற்றிய மனித எண்ணங்கள் மூன்றும் இம்மூன்றிலேயே அடங்கிவிடுகின்றன எனலாம்.

ஜப்பானியரின் கனவு சற்று வேறு வகையானது. எடோ காலத்தில் அங்குக் 'கராக்குரி' எனப்படும் பொறிப்பாவைகள் செய்யப்பட்டன. அவற்றுள் புகழ்பெற்றது தேநீர் பரிமாறும் பாவை. அதன் கையிலுள்ள தட்டில் கோப்பையை வைத்ததும் விருந்தினரை நோக்கி நகரும்; கோப்பையை எடுத்ததும் நின்றுவிடும்; வெற்றுக் கோப்பையைத் திருப்பி வைத்தால் வந்தவழியே திரும்பிச் செல்லும். மரப் பற்சக்கரங்களும் திமிங்கலத்தின் வாய்த்தகட்டிலிருந்து செய்த சுருள்வில்லும் மட்டுமே அதன் உள்ளுறுப்புகள். இத்தகைய பாவைகளைச் செய்யும் முறையை விளக்கும் நூல் ஒன்று 1796ஆம் ஆண்டிலேயே அங்கு அச்சாகியுள்ளது. வீட்டுக்குள் வந்து பணிவுடன் பரிமாறும் பொறி என்னும் இக்கற்பனையின் தொடர்ச்சியை, இருநூறு ஆண்டுகளுக்குப் பின் அந்நாட்டில் தோன்றிய சேவைத் தானியங்கிகளில் காணமுடிகிறது.

தெரியுமா?

'ரோபோ' என்னும் சொல்லை உலகுக்கு அளித்தது ஒரு நாடகம். செக் நாட்டு எழுத்தாளர் காரல் சாபெக் 1920இல் எழுதிய 'ஆர்.யூ.ஆர்.' என்னும் நாடகத்தில் செயற்கை மாந்தர்களைக் குறிக்க இச்சொல் ஆளப்பட்டது. கட்டாய உழைப்பு என்று பொருள்படும் செக் சொல்லிலிருந்து இது பிறந்தது. நாடகத்தின் முடிவில் அச்செயற்கை மாந்தர்கள் மனிதகுலத்துக்கு எதிராகக் கிளர்ந்தெழுகின்றனர்.

சாபெக்கின் நாடகம் ஐரோப்பாவில் அச்சத்தை விதைத்தது. அதைப் பற்றி அறிந்த ஜப்பானிய உயிரியலறிஞர் மக்கோதோ நிஷிமுரா, அடிமையாகவும் பகையாகவும் இல்லாத ஒரு பொறியைச் செய்ய விரும்பினார். 1928இல் அவர் உருவாக்கிய 'காக்குதென்சொக்கு' என்னும் பெரிய உருவம், காற்றழுத்தத்தால் இயங்கி, எழுதுகோலை அசைத்து, முகபாவம் மாற்றி, பார்வையாளரை வியக்கச் செய்தது. அது எந்த வேலைக்கும் பயன்படவில்லை என்பது உண்மை. ஆனால் மனிதனுக்கு இணக்கமான பொறி என்ற எண்ணத்துக்கு அது உருவம் தந்தது. போருக்குப் பின் 1952இல் ஒசாமு தெசூக்கா வரையத் தொடங்கிய சித்திரக்கதையின் நாயகனான சிறுவன் 'ஆட்டம்' அவ்வெண்ணத்தை வீடுதோறும் கொண்டுசேர்த்தான். அவனைப் படித்து வளர்ந்த தலைமுறையிலிருந்து பொறியாளர்கள் பலர் தோன்றினர்.

நடக்கக் கற்ற பொறி

டோக்கியோவின் வசேதா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் இச்சிரோ கத்தோவின் குழுவினர் 1973இல் 'வபோட்-1' என்னும் இயந்திர மனிதனை உருவாக்கினர். முழு உடலளவில் அமைந்த முதல் இயந்திர மனிதன் என்று அறிஞர்கள் போற்றுவது இதனையே. கண்ணால் தொலைவை அளக்கவும், காதால் கேட்டு ஜப்பானிய மொழியில் விடையளிக்கவும், கையால் பொருளைப் பற்றவும், காலால் மெல்ல நடக்கவும் இதற்குத் திறன் இருந்தது. இதன் மனவளர்ச்சியை ஒன்றரை வயதுக் குழந்தையின் அளவுக்கு ஒப்பிட்டனர் இதைப் படைத்தோர். பதினோராண்டுகள் கழித்து அதே குழுவினர் செய்த 'வபோட்-2' இசைக்குறிப்பைக் கண்ணால் படித்துப் பத்து விரல்களாலும் விசைப்பலகை வாசித்தது.

இசை வாசிப்பதைவிட நடப்பதே கடினம் என்பதைப் பின்னர் வந்தோர் உணர்ந்தனர். ஒரு கால் தரையில் ஊன்றியிருக்க, உடலின் எடை முழுவதும் அந்தப் பாதத்தின் எல்லைக்குள் விழுமாறு பார்த்துக்கொண்டு மறுகாலை எடுத்துவைப்பது ஒரு வகை நடை. அது விழாத நடை. ஆனால் மிக மெதுவான நடை. மனிதர் நடப்பது அவ்வாறு அன்று. ஒவ்வோர் அடியிலும் மனித உடல் முன்னோக்கி விழத் தொடங்குகிறது. விழுவதற்குள் அடுத்த கால் வந்து தாங்குகிறது. நடை என்பது தடுக்கப்பட்ட வீழ்ச்சிகளின் தொடர். தவழ்ந்து எழும் குழந்தை எவரும் சொல்லாமலே இதைக் கற்றுக்கொள்கிறது. ஒரு பொறிக்குக் கற்பிக்கவோ, ஹோண்டா நிறுவனத்துக்குப் பல ஆண்டுகள் தேவைப்பட்டன.

1986இல் அந்நிறுவனம் மறைவாகத் தொடங்கிய ஆய்வின் முதல் விளைவு, இடுப்புக்குமேல் உடலே இல்லாத இரண்டு கால்கள். ஓரடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் அதற்கு ஐந்து வினாடிகள் பிடித்தன. அடுத்தடுத்த முயற்சிகளில் பொறியாளர்கள் மனித மூட்டுகளை அளந்தனர், படியேறுவோரைக் கவனித்தனர், பாதத்தில் விழும் விசையை உணரும் கருவிகளைப் பொருத்தினர். 1996 டிசம்பரில் 'பி-2' பொதுமக்கள்முன் நடந்து வந்தபோது அதன் உயரம் 182 சென்டிமீட்டர். எடை 210 கிலோ. அத்தகைய உருவம் வீட்டுக்குள் நுழைந்தால் உதவியைவிட அச்சமே மிகும் அன்றோ! எனவே, 2000ஆம் ஆண்டு நவம்பரில் அறிமுகமான 'அசிமோ' 120 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சுருக்கப்பட்டது. விளக்கின் விசையும் கதவின் கைப்பிடியும் எட்ட வேண்டும். நாற்காலியில் அமர்ந்தவரின் முகத்துக்கு நேராக அதன் முகம் இருக்க வேண்டும் என்பவற்றைக் கருதியே அவ்வளவு வகுக்கப்பட்டது. 2011இல் அசிமோ மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது, ஒற்றைக்காலில் குதித்தது, குடுவையின் மூடியைத் திறந்து கோப்பையில் பானம் ஊற்றியது. உலகத் தலைவர்கள் அதனோடு கைகுலுக்கினர்.

பொறியின் தோற்றத்தைப் பற்றி 1970ஆம் ஆண்டிலேயே ஜப்பானியப் பேராசிரியர் மசாஹிரோ மோரி ஓர் எச்சரிக்கை செய்திருந்தார். பொறி மனிதச் சாயலை நெருங்க நெருங்க அதன்மீது விருப்பம் வளரும். ஆனால் ஏறத்தாழ மனிதனே என்னும் எல்லையை எட்டும்போது அவ்விருப்பம் திடீரென அருவருப்பாகச் சரியும் என்பது அவர் கருத்து. கொல்லிப்பாவையின் சிரிப்பை அஞ்சிய பண்டைத் தமிழருக்கு இக்கருத்து விளங்கியிருக்கும்.

உலைக்கூடத்தின் வாயிலில்

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் வடகிழக்குக் கடற்கரையை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கின. ஃபுகுஷிமா டாயிச்சி அணுமின் நிலையத்தில் குளிர்விக்கும் அமைப்பு செயலிழந்தது. அடுத்த சில நாள்களில் உலைக்கூடங்கள் வெடித்துச் சிதறின. உள்ளே மனிதர் நுழைய இயலாத அளவுக்குக் கதிர்வீச்சு. கதவைத் திறக்க வேண்டும், படியேற வேண்டும், இடிபாடுகளைக் கடக்க வேண்டும், அளவியைப் படிக்க வேண்டும். மனிதருக்காகக் கட்டப்பட்ட இடத்தில் மனிதர் செல்ல முடியாத வேளை அது. இயந்திர மனிதன் ஒருவன் தேவைப்படுவான் என்றால் அவ்விடத்தில்தான் தேவைப்பட்டிருப்பான்.

அசிமோவை ஏன் அனுப்பவில்லை என்று ஜப்பானிய மக்கள் கேட்டனர். அனுப்பியிருந்தால் அது முதல் இடிபாட்டிலேயே வீழ்ந்திருக்கும். சமதளத்தில், முன்பே அறிந்த இடத்தில், பொறியாளர்கள் சூழ நடப்பதற்கு அது பழக்கப்பட்டிருந்தது. ஏப்ரல் 17 அன்று உலைக்கூடத்துள் நுழைந்து கதிர்வீச்சை அளந்தவை 'பேக்பாட்' என்னும் அமெரிக்கப் பொறிகள். போர்முனையில் வெடிகுண்டு தேடப் பயன்பட்ட அவை, பீரங்கி வண்டியைப்போலச் சங்கிலிப் பட்டையில் ஊர்ந்து செல்பவை. உலகின் தானியங்கித் தலைநகரம் எனப் பெயர்பெற்ற நாட்டுக்கு இது பெருத்த ஏமாற்றமாயிற்று.

இதில் வருத்தம் தரும் செய்தி வேறொன்று உண்டு. 1999இல் தோக்கைமுராவிலுள்ள அணு எரிபொருள் ஆலையில் விபத்து நேர்ந்து பணியாளர் இருவர் இறந்தபின், அணுவிபத்துக்கென்றே தனித் தானியங்கிகளை அரசு நிதியில் ஜப்பானியர் உருவாக்கியிருந்தனர். ஆனால் அத்தகைய விபத்து இனி நேராது, இவை தேவைப்படா என்னும் முடிவால் அத்திட்டம் விரைவிலேயே கைவிடப்பட்டது. அறிவும் பணமும் அங்கு இருந்தன. பயன்படாமல் காத்திருக்கும் பொறியைப் பேணுவதற்கான பொறுமை மட்டுமே இல்லாமற்போயிற்று. பேரிடர்க் கருவிகளின் இயல்பு அது. அவை தேவைப்படாத நாள்களில் வீண்செலவாகத் தோன்றும்.

2011 ஜூன் மாதத்தில் ஜப்பானின் சொந்தப் பொறியான 'குயின்ஸ்' உள்ளே சென்றது. சிபா தொழில்நுட்பக் கழகத்தினரும் தொஹோக்கு பல்கலைக்கழகத்தினரும் இணைந்து உருவாக்கிய அது, பேக்பாட் ஏற இயலாத செங்குத்துப் படிகளில் ஏறியது. அக்டோபரில் அதன் தொடர்புக் கம்பி சிக்கிக்கொண்டதால் உலைக்கூடத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. அதைத் திரும்ப எடுக்க எவரும் உள்ளே செல்லவில்லை. செல்ல வேண்டியிராததே அப்பொறி ஆற்றிய பணியின் பயன். அசிமோவின் கை அறிவும் ஒருவகையில் அவ்விடம் சென்றடைந்தது. அதன் மூட்டுகளை இயக்கும் நுட்பத்தைக்கொண்டு செய்யப்பட்ட நீண்ட கையுடைய ஆய்வுப்பொறி ஒன்று 2013இல் ஃபுகுஷிமாவில் பணிக்கு வந்தது. அதற்கு முகம் வைக்கப்படவில்லை. அசிமோவோ 2022 மார்ச் மாதத்தில் டோக்கியோ அறிவியல் காட்சியகத்தில் பார்வையாளர்முன் நிகழ்த்திவந்த பணியிலிருந்து ஓய்வு பெற்றது.

முதியோர் நிறைந்த வீடுகளில்

ஜப்பான் மக்களில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் 65 வயதைக் கடந்தவர்கள். பராமரிக்க இளையோர் போதவில்லை. சேவைத் தானியங்கிகள் அங்கு வேகமாகப் பெருகியதற்கு இதுவே முதற்காரணம்.

'பாரோ' என்னும் பொறி, வெண்மயிர் போர்த்த கடல்நாய்க் குட்டியின் உருவம் உடையது. தடவினால் கண்களைச் சிமிட்டும். பெயர்சொல்லி அழைத்தால் தலை திருப்பும். மறதிநோயால் துன்புறும் முதியோரை அமைதிப்படுத்த இது பயன்படுகிறது. இதை வடிவமைத்த தக்கானொரி ஷிபாத்தா முதலில் பூனை உருவத்தை முயன்றார். பூனையை அனைவரும் அறிவர். எனவே பொறியின் பொய்ம்மையை எளிதில் கண்டுகொண்டனர். கடல்நாயோடு பழகியவர் அரியர். ஒப்பிடுவதற்கு எதுவும் இல்லாததால் அதை ஏற்றுக்கொண்டனர். உயிரற்ற ஒன்றை உயிருடையதாக எண்ணவைத்து முதியோரை ஆற்றுவது முறையா என்னும் வினாவையும் சிலர் எழுப்புகின்றனர். பேசுவதற்கு ஒருவரும் வராத அறையில் அமர்ந்திருப்போரிடம்தான் அதற்கான விடையைக் கேட்க வேண்டும்.

2014இல் சாப்ட்பேங்க் நிறுவனம் அறிமுகப்படுத்திய 'பெப்பர்', முகக்குறிப்பைக் கொண்டு மனநிலையை அறியும் என்று விளம்பரப்படுத்தப்பட்டது. கடைகளிலும் வங்கிகளிலும் அது வரவேற்றது. ஏறத்தாழ 27,000 பெப்பர்கள் செய்யப்பட்டபின் 2020இல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. புதுமை தீர்ந்ததும் அதனிடம் பேசுவோர் குறைந்தனர்.

நாகசாக்கியில் 2015இல் தானியங்கிகளைப் பணியாளர்களாகக் கொண்டு திறக்கப்பட்ட விடுதியின் கதை இன்னும் சுவையானது. வரவேற்பறையில் டைனோசர் உருவப்பொறி நின்றது. அறைதோறும் பேசும் பொம்மை ஒன்று வைக்கப்பட்டிருந்தது. விருந்தினர் ஒருவரின் குறட்டையைக் கட்டளை என்று எண்ணிய பொம்மை, தாங்கள் கூறியது விளங்கவில்லை, மீண்டும் கூறுங்கள் என்ற பொருளில் கேட்டுக் கேட்டு, இரவில் பலமுறை அவரை எழுப்பிவிட்டது. பொறிகளைச் சரிசெய்யவே மனிதர் மிகுதியாகத் தேவைப்பட்டனர். 2019இல் அவ்விடுதி தன் 243 தானியங்கிகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றை விலக்கியது.

இவற்றுக்கு நேர்மாறான இடம் டோக்கியோவில் 2021இல் நிலையாகத் திறக்கப்பட்ட ஒரு சிற்றுண்டியகம். அங்குப் பரிமாறும் 'ஒரிஹிமே' பொறிகள் தாமாகச் சிந்திப்பதில்லை. நரம்புத்தளர்ச்சி நோயாலும் முதுகுத்தண்டுக் காயத்தாலும் படுக்கையைவிட்டு எழ இயலாதோர், தத்தம் இல்லங்களிலிருந்து அவற்றை இயக்குகின்றனர். விரல் அசையாதவர் கண்ணசைவால் இயக்குகிறார். வாடிக்கையாளரோடு உரையாடுவது அவரே. ஊதியம் பெறுவதும் அவரே. பொறி இங்கு மனிதரின் இடத்தைப் பிடிக்கவில்லை. இடம் இழந்தவருக்கு அதை மீட்டுத் தந்துள்ளது.

தமிழகத்தின் குழிகள்

இந்தியாவும் மனித உருப் பொறிகளைச் செய்துள்ளது. ககன்யான் திட்டத்துக்காக இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2020இல் அறிமுகப்படுத்திய 'வியோமித்ரா' பெண்ணுருவம் உடையது, இருமொழியில் பேசவல்லது. அதற்குக் கால்கள் இல்லை. எடையற்ற விண்கலத்தில் நடைக்கு வேலையில்லை என்பதால், ஹோண்டா பல ஆண்டுகள் போராடிய சிக்கல் இங்கு எழவே இல்லை. கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் திருச்சியில் உருவான தானியங்கிகள் அரசு மருத்துவமனைகளின் தனிமை வார்டுகளுக்கு உணவும் மருந்தும் கொண்டு சென்றன.

ஆயினும், தமிழகத்தில் பொறியின் கை எங்கே மிகவும் வேண்டப்படுகிறது என்று கேட்டால் கைகாட்ட வேண்டியது நிலத்திலுள்ள குழிகளையே.

நிலத்தடி நீர் ஆழத்துக்குச் செல்லச் செல்ல ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. நீர் வற்றியவை மூடப்படாமல் கைவிடப்பட்டன. ஓரடிக்கும் குறைந்த அகலமும் நூற்றுக்கணக்கான அடி ஆழமும் கொண்ட அத்துளையில் குழந்தை நுழையும். மீட்கச் செல்லும் பெரியவர் நுழைய இயலாது. மதுரையைச் சேர்ந்த மணிகண்டன் இந்த இடைவெளிக்கென ஒரு கருவியை உருவாக்கினார். கயிற்றில் இறக்கப்படும் அக்கருவியில் விளக்கும் படக்கருவியும் குழந்தையைப் பற்றும் இயந்திரக் கைகளும் உண்டு. மேலே இருப்பவர் திரையைப் பார்த்தபடி அக்கைகளை விரித்து மூடுகிறார். 2014ஆம் ஆண்டு ஏப்ரலில், இன்று தென்காசி மாவட்டத்தில் உள்ள சங்கரன்கோவிலுக்கு அருகே ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த மூன்று வயதுச் சிறுவன், இக்கருவியின் துணையால் உயிருடன் மேலே கொண்டுவரப்பட்டான். சுந்தரபாண்டியபுரம் இருக்கும் அதே மாவட்டம். அசிமோவின் விலையோடு ஒப்பிட்டால் கணக்கில் வராத செலவு.

எல்லா முயற்சிகளும் அவ்வாறு முடியவில்லை. 2019 அக்டோபர் 25 அன்று மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தபோது, தொடக்கத்தில் 26 அடி ஆழத்தில் இருந்தது. கையில் சுருக்கிட்டுத் தூக்க முயன்றனர். பல குழுவினர் தத்தம் கருவிகளுடன் வந்தனர். குழந்தை மேலும் கீழே சரிந்தது. 80 மணி நேரத்துக்கும் மேலான போராட்டத்துக்குப் பின் உயிரற்ற உடலே கிடைத்தது. ஈரமண் படிந்த சிறுகையைப் பற்றுவது, ஒற்றைக்காலில் குதிப்பதைவிடக் கடினமான பொறியியல் சிக்கல் என்பதை அந்நாள்கள் காட்டின. இதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னரே, 2010இல், கைவிடப்பட்ட கிணற்றை அடியிலிருந்து மண்ணும் கல்லும் இட்டு நிரப்ப வேண்டும், பயன்பாட்டிலுள்ள கிணற்றின் வாயை இரும்பு மூடியால் அடைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்திருந்தது. மூடிக்கு மின்சாரம் வேண்டியதில்லை, மென்பொருள் வேண்டியதில்லை. தோக்கைமுராவுக்குப் பின் கைவிடப்பட்ட பொறிகளும் நடுக்காட்டுப்பட்டியில் இல்லாத மூடியும் ஒரே அலட்சியத்தின் இரு வடிவங்கள்.

மற்றொரு குழி பாதாளச் சாக்கடையும் கழிவுநீர்த் தொட்டியும். அவற்றுள் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வளி, அளவு மிகும்போது முதலில் மூக்கின் உணர்வையே அழித்துவிடுகிறது. நாற்றம் நின்றுவிட்டது என்று எண்ணி இறங்குபவர் மயங்கி வீழ்கிறார். அவரைத் தூக்க இறங்கும் அடுத்தவரும் வீழ்கிறார். மனிதக் கழிவை மனிதரே அகற்றும் கொடுமையை 1993ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டம், காப்புக் கருவியின்றிச் சாக்கடைக்குள் மனிதரை இறக்குவதையும் தடை செய்தது. அவ்வாறு இறந்தோரின் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்குமாறு 2014இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023இல் அத்தொகையை முப்பது இலட்சமாக உயர்த்தியது. இழப்பீட்டை உயர்த்த வேண்டியிருந்தது என்பதே இறப்புகள் நிற்கவில்லை என்பதற்குச் சான்று.

கேரளத்தின் இளம் பொறியாளர்கள் தொடங்கிய ஜென்ரோபோட்டிக்ஸ் நிறுவனம் 2018இல் 'பாண்டிகூட்' என்னும் பொறியைக் களத்தில் இறக்கியது. தெலுங்கில் பெருச்சாளியைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்று, அங்கிருந்து இப்பொறிக்கு வந்த பெயர் அது. சாலையில் நிற்கும் தாங்கியிலிருந்து சிலந்திபோன்ற கால்களுடன் ஓர் உறுப்பு குழிக்குள் இறங்குகிறது. கால்களைச் சுவரில் ஊன்றி நிலைகொண்டு, கையால் மண்ணையும் கந்தலையும் வாரி வாளியில் இட்டு மேலே அனுப்புகிறது. கும்பகோணம், கோயம்புத்தூர் முதலிய தமிழக நகரங்களில் இது பயன்பாட்டுக்கு வந்தது. முன்பு குழிக்குள் இறங்கியவர்களுக்கே இதை இயக்கும் பயிற்சி அளிக்கப்படுகிறது. உள்ளே எங்கே அடைப்பு இருக்கும், எந்தப் பக்கம் கல் சேரும் என்பதை அவர்களைவிட அறிந்தவர் எவர்?

கழிவுநீர்த் தொட்டிக்கு வேறு வகைப் பொறி வேண்டும். தொட்டியின் வாய் சிறிது. அடியில் படிந்த கசடோ கல்லாக இறுகியிருக்கும். உறிஞ்சும் வண்டியின் குழாயால் நீரை எடுக்க முடியும். இறுகிய கசடை எடுக்க முடியாது. மனிதரை இறக்கியது அந்தக் கசடுக்காகவே. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் பிரபு ராஜகோபால் தலைமையிலான குழுவினர் உருவாக்கிய 'ஹோமோசெப்', மடக்கிய குடையைப்போல் சிறுவாயின் வழியே நுழைந்து, உள்ளே சென்றபின் தன் அலகுகளை விரித்துச் சுழல்கிறது. கசடு கரைந்து குழம்பானதும் குழாய் அதை உறிஞ்சிவிடுகிறது. ஆய்வகத்தில் சரியாகச் சுழன்ற அலகு, உண்மையான தொட்டியின் துணியிலும் மணலிலும் சிக்காமல் சுழல்வதற்குப் பல மாற்றங்கள் தேவைப்பட்டன. வண்டி நுழையாத குறுகிய தெருக்களும், பொறியை வாங்க நிதியில்லாத சிறு பேரூராட்சிகளும் இன்னும் எஞ்சியுள்ளன. அழைத்தால் குறைந்த கூலிக்கு மனிதர் வருவார் என்னும் எண்ணமும் எஞ்சியுள்ளது.

2022இல் ஹோமோசெப் பொறிகளைத் தமிழகத்தில் பரப்பும் பணி, தூய்மைப் பணியாளர் உரிமைக்காகப் போராடும் சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் அமைப்பின் துணையோடு தொடங்கியது. முதல் இரு பொறிகளும் மகளிர் தன்னுதவிக் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டன. அக்குழுக்களுக்குத் தலைமை ஏற்றவர்கள், துப்புரவுப் பணியின்போது கணவரை இழந்த பெண்கள்.